கதையா, வாழ்க்கையா? "நான்" யார் என்று பாருங்கள்

ஒரு உரைநடை நூல் எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரியவேண்டுமா? தலைப்பை நம்பாதீர்கள். முதல் சில பக்கங்களில் "நான்" என்று பேசுவது யார் என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

'பிரதாப முதலியார் சரித்திரம்', 'என் சரித்திரம்' இரண்டிலும் ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே சொல்கிறார். ஆனால் முதல் நூலில் பேசும் பிரதாப முதலியார், மாயூரம் வேதநாயகம் பிள்ளை படைத்த கற்பனைப் பாத்திரம். 1879இல் அச்சான அதைத்தான் தமிழின் முதல் நாவல் என்கிறோம். இரண்டாவதில் பேசுவது உ.வே. சாமிநாதையரே. அதனால் அது தன்வரலாறு. அவரைப் பற்றி இன்னொருவர் எழுதினால் வாழ்க்கை வரலாறு.

சரி, கற்பனைதான் என்று உறுதியாகிவிட்டது. அப்புறம் சிறுகதையா, நாவலா? பக்கங்களை மட்டும் எண்ணிப் பயனில்லை. ஒரே நிகழ்ச்சியையோ ஒரு மனநிலையையோ பிடித்துக்கொண்டு போய் அதோடு நின்றால் சிறுகதை. பல மனிதர்கள், கிளைக்கதைகள், நகரும் காலம் என்று விரிந்தால் நாவல். கிளைகள் அதிகம் இல்லாமல், சிறுகதையைவிடக் கொஞ்சம் நீண்டால் குறுநாவல்.

கதையே இல்லாமல் ஒரு கருத்தை எடுத்து விளக்கினால் கட்டுரை. இதில் பெரிய சிக்கல் இல்லை.

கடிதங்களில்தான் கவனம் வேண்டும். நிஜமாகவே ஒருவருக்கு எழுதியவையா, கதை சொல்வதற்காகப் புனைந்தவையா என்று பாருங்கள். மறைமலையடிகளின் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' முழுக்கக் கடிதங்களாகவே இருந்தாலும் அது நாவல்தான்.