ஒரே ஹீட்டர், இரண்டு நிலையான வெப்ப ஓட்டம்: செய்து பார்ப்பது எப்படி

ஹீட்டரின் வாட் மாறவே மாறாது. ஆனால் வெப்பநிலை இரண்டு வேறு அளவுகளில் நிலைத்து நிற்கும். வளைந்த எஃகுப் பட்டை ஒன்று, இரண்டு அலுமினியத் துண்டுகளுக்கு நடுவே ஒரு செம்புத் துண்டைப் பாலமாக இறக்கும் அல்லது தூக்கும். எந்த அளவு என்பது, பட்டையைக் கடைசியாக எந்தப் பக்கம் தட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. தட்டியபடியே நிற்க மின்சாரம் வேண்டாம்.

தேவை: 0.2 மி.மீ. ஸ்பிரிங் ஸ்டீல் ஷிம் தகட்டில் 120 × 12 மி.மீ. பட்டை, 40 × 40 × 3 மி.மீ. அலுமினியத் துண்டு 2, 20 × 20 × 2 மி.மீ. செம்புத் துண்டு 1, 2 மி.மீ. கார்க், 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர், 12 வோல்ட் அடாப்டர், ப்ளைவுட், தெர்மாமீட்டர் 2. தகடுகளை ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் லேத் பட்டறையில் கொடுத்து வெட்டிக்கொள்ளலாம். ஓரப் பிசிறை அங்கேயே ராவச் சொல்லுங்கள்.

1. அலுமினியத் துண்டுகளை 3 மி.மீ. இடைவெளி விட்டு ப்ளைவுட்டில் ஒட்டுங்கள். தெர்மோகோல் சூட்டில் இளகிவிடும், வேண்டாம். ஒரு துண்டின் வெளி ஓரத்தில் ரெசிஸ்டரை (இதுதான் ஹீட்டர்) ஹீட் பேஸ்ட் என்ற சூடு கடத்தும் பசை தடவிப் பொருத்துங்கள். 1.44 வாட்தான், ஆனாலும் கை சுடும்.

2. பட்டையை இடைவெளிக்கு நேர் மேலே, அதே திசையில், இரு முனையிலும் 10 மி.மீ. கிளாம்பால் இறுக்குங்கள். நடுவில் 100 மி.மீ. மிஞ்சும். ஒரு முனையை 1 மி.மீ. உள்ளே தள்ளினால் நடுப்பகுதி சுமார் 6 மி.மீ. புடைக்கும். விரலால் அழுத்தினால் 'டக்'கென மறுபக்கம் போய் நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நின்றால் கிளாம்ப் சாய்ந்திருக்கிறது.

3. பட்டையின் நடுவில், அடியில் கார்க்கையும், அதன் கீழ் செம்பையும் எபாக்ஸியால் ஒட்டுங்கள். கார்க் இல்லாவிட்டால் சூடு பட்டை வழியே நழுவும்.

4. முழு வேலையும் உயரத்தில்தான். கிளாம்ப் மட்டத்திலிருந்து அலுமினியம் 8 மி.மீ. கீழே இருக்கட்டும். கார்க்கும் செம்பும் 4 மி.மீ. போக, பட்டை 4 மி.மீ. இறங்கியதும் செம்பு தொட்டுவிடும். இறங்க முடியாத மீதி 2 மி.மீ.தான் அழுத்தம். 10 மி.மீ. வைத்தால் செம்பு சும்மா உரசி நிற்கும், நடுவே காற்று புகும். செம்பின் கடத்துதிறன் சுமார் 400 வாட்/மீட்டர்·கெல்வின், காற்றுக்கு 0.026தான். 5 மி.மீ. வைத்தாலோ பட்டை அநேகமாக மேலே எகிறிவிடும், ஒரு நிலை போய்விடும்.

5. செம்பின் அடியில் மெல்லிய பேஸ்ட் தடவி, ஃபேனை அணைத்து அளந்து பாருங்கள். வேலூர் கத்திரி வெயிலில் அறையே சூடேறிக்கொண்டிருக்கும். அதனால் இரு அலுமினியத் துண்டுகளின் வெப்பநிலை வித்தியாசத்தைக் குறியுங்கள். 5 நிமிடத்தில் 0.5 டிகிரிக்கு மேல் மாறாதபோதுதான் அளவு செல்லும். பட்டை மேலே இருந்தால் வித்தியாசம் பெரிது, கீழே இருந்தால் சிறிது.

இதுபோல் 4 அலகுகளைப் பக்கம் பக்கமாக வைத்தால், ஒவ்வொன்றும் மேலோ கீழோ என 16 அமைப்பு கிடைக்கும். ஆனால் செம்புகள் ஒரே அளவென்றால் எத்தனை கீழே இருக்கின்றன என்பதுதான் கணக்கு, அதனால் வெப்ப ஓட்டம் 5 அளவுதான். பதினாறும் தனித்தனியாக வேண்டுமானால் செம்பின் அகலத்தை 1:2:4:8 என்று வெட்டுங்கள்; அகலம் கூடக் கூட அழுத்தும் விசையும் அதே விகிதத்தில் கூட வேண்டும்.