எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கப் போய் நாங்கள் செய்த தவறுகள்

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை, தறி, வீட்டு வேலை என்று போகும் அம்மாக்களுக்கு எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் ஒரே கவலைதான். அங்கன்வாடி மூடிய பிறகு பிள்ளையை யார் பார்ப்பது? ஏழெட்டுப் பேர் சேர்ந்து மனு எழுதினோம். 'குழந்தைகள் காப்பகத்துக்குத் தனிச் சட்டம் வேண்டும்' என்று தலைப்பு. எம்.எல்.ஏ. படித்துவிட்டு, "இதுக்கு எதுக்கும்மா சட்டம்?" என்றார்.

தட்டிக்கழிக்கிறார் என்று கோபம்தான் வந்தது. ஆனால் தவறு எங்களுடையது. அங்கன்வாடி எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்பது துறை உத்தரவிலேயே முடிகிற விஷயம். அம்மா வேலை பார்க்கும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் வேறு கதை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில்தான் அது கட்டாயம் என்கிறது ஒன்றியச் சட்டம். பத்துப் பேர் இருக்கும் பட்டறை அதற்குள் வராது. அந்த எண்ணைக் குறைக்க மாநிலம் திருத்தம் கொண்டுவரலாம். ஆனால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். சட்டமா, விதியா, அரசாணையா, வெறும் நிதியா என்று தெரியாமல் மனு எழுத உட்காரவே கூடாது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம்கூட அரசாணையில் வந்ததுதான். அதற்கென்று தனிச் சட்டம் போடவில்லை.

அடுத்தது, கோரிக்கைப் பட்டியல். கல்யாண வீட்டில் சாமான் பரப்பி வைப்பதுபோல பதினான்கு கோரிக்கைகளைப் பரப்பியிருந்தோம். பார்ப்பவருக்கு எதுவும் மனதில் நிற்காது. ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

மனு உருக்கமாக இருக்கட்டும் என்று, அடிபட்டு மீட்கப்பட்ட ஒரு பிள்ளையின் படத்தையும் பெயரையும் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தார். கூட்டத்திலிருந்த ஆச்சி, "அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேணாமா?" என்று கேட்டுக் கிழித்துப் போட்டார். ஆச்சி சட்டம் படித்தவர் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட பிள்ளைகளின் அடையாளம் வெளியே வரக்கூடாது என்பதுதான் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டமும் சொல்வது.

போன நேரமும் சரியில்லை. பட்ஜெட் படித்து முடித்த பிறகு பணம் கேட்டுப் போனோம். துறைகள் கணக்குப் போடும் மாதங்களிலேயே, அதாவது பொங்கலுக்கு முன்பே, போயிருக்க வேண்டும். பட்ஜெட்டுக்குப் பிறகு, ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கச் சட்டமன்றத்தின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதம் வரும். அப்போது சமூக நலத் துறை மீது பேசச் சொல்லி உறுப்பினரிடம் குறிப்பு கொடுக்கலாம், கேள்வியும் எழுப்பச் சொல்லலாம்.

அப்புறம், செட்டிநாடு என்று ஒரு மாவட்டம் கிடையாது. பெரும்பாலான ஊர்கள் சிவகங்கை மாவட்டத்தில், மீதி புதுக்கோட்டை மாவட்டத்தில். காரைக்குடி உறுப்பினரிடம் திருமயம் பக்கத்து ஊரின் குறையைச் சொன்னால் அவர் பாவம் என்ன செய்வார்?

மனு கொடுத்தாகிவிட்டது என்று வீட்டுக்கு வந்து படுத்தோமே, அதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை. சட்டமன்றத்தில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. மாவட்டங்களுக்கும் வந்து மனு வாங்கும். அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிராகச் சட்டசபையில் பேசத் தொடங்கியது 1920களில். சென்னை மாகாணத்தில் ஒழிப்புச் சட்டம் வந்தது 1947இல். நாங்கள் மூன்றே மாதத்தில் சலித்துவிட்டோம். இந்த முறை மனுவின் நகலில் தேதி முத்திரை வாங்கி வைத்திருக்கிறோம்.