ஊகப்புனைவுச் சிறுகதைத் தொகுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் புனைகதை, மிகுபுனைவு, மாற்று வரலாறு, இனி வரக்கூடிய சமூகங்களைப் பற்றிய கதைகள் ஆகிய அனைத்தையும் ஊகப்புனைவு என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். 'இப்படி நடந்தால் என்ன ஆகும்?' என்ற கேள்வியிலிருந்து பிறக்கும் இக்கதைகளுள் சில, வாசகரை வியக்க வைப்பதோடு நின்றுவிடாமல் அவருடைய நெஞ்சையும் தொட விரும்புகின்றன. அத்தகைய கதைகளை ஒரே கருப்பொருளின் கீழ்த் தொகுத்து நூலாக்கும்போது, தனித்தனியே வாசித்தபோது நன்றாக இருந்த கதைகள் கூட ஒன்றையொன்று பலவீனப்படுத்துவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இதற்குக் காரணமான தவறுகள் பலவாகத் தோன்றினாலும் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே: கதையின் ஊகம் ஒரு பக்கமும் அதன் உணர்ச்சி மறுபக்கமுமாகப் பிரிந்துவிடுகின்றன.

முதல் தவறு கருப்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே நிகழ்ந்துவிடுகிறது. 'இழப்பு', 'நினைவு', 'காலப்பயணம்' என்று ஒற்றைச் சொல்லைக் கருப்பொருளாக அறிவித்துவிட்டு, அச்சொல் எங்கேனும் தென்படும் கதைகளையெல்லாம் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒற்றைச் சொல் ஒரு பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் போன்றது. உள்ளே இருப்பவை ஒன்றோடொன்று பேச வேண்டும் என்ற கட்டாயத்தை அது உண்டாக்குவதில்லை. 'நினைவு' என்பதற்குப் பதிலாக, 'ஒருவரைப் பற்றிய நினைவு முழுவதையும் அழித்துவிட முடிந்தால், அவர் மீதான கடமையும் அழிந்துவிடுமா?' என்று கேட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஒரு கதை ஆம் என்னும், இன்னொன்று மறுக்கும், மற்றொன்று நினைவை இழந்தவரை விடுத்து, மறக்கப்பட்டவரின் பக்கம் நின்று அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கும். ஒவ்வொரு கதையும் அக்கேள்விக்கு என்ன விடை தருகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டு கதைகளுக்கு ஒரே வாக்கியம் அமைந்தால், அவ்விரண்டில் ஒன்று எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அந்நூலில் அதற்கு இடமில்லை.

அடுத்த தவறே எல்லாவற்றிலும் பெரியது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இறந்த தாயின் குரலில் பேசும் இயந்திரம் ஒன்று கதையில் வருகிறது; மகன் அதன் முன் அமர்ந்து அழுகிறான்; இறுதியில் அதை அணைத்துவிட்டு எழுந்து போகிறான். இக்கதையில் இயந்திரத்தை எடுத்துவிட்டு, அங்கே ஒரு பழைய ஒலிநாடாவை வைத்துப் பாருங்கள். எதுவும் மாறவில்லையென்றால், ஆசிரியர் எழுதியது ஊகப்புனைவு அன்று. வழக்கமான சோகக் கதைக்கு எதிர்காலத்தின் ஆடையை உடுத்தியிருக்கிறார். உணர்ச்சி உண்மையாக இருக்கலாம். ஆனால் அது ஊகத்திலிருந்து பிறக்கவில்லை.

ஊகத்திலிருந்தே பிறக்கும் உணர்ச்சி எப்படியிருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கட்டிப் பார்க்கலாம். பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒளியும் வானொலி அலையும் சென்று சேர, இரு கோள்களும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைப் பொறுத்து, ஏறத்தாழ 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். செவ்வாயில் பணிபுரியும் ஒரு தாய், பூமியில் இருக்கும் மகளுக்குக் கோபத்தில் ஒரு கடுஞ்சொல்லை அனுப்பிவிடுகிறாள். அன்றைய தொலைவு 20 நிமிடம். அனுப்பிய இரண்டாம் நிமிடமே அவள் மனம் மாறி, மன்னிப்புக் கேட்டு இன்னொரு செய்தியை அனுப்புகிறாள். முதற்செய்தி இன்னும் வழியில்தான் இருக்கிறது; மகள் இன்னும் புண்படவில்லை; ஆயினும் ஒளியை முந்திச் சென்று அச்சொல்லைத் தடுத்து நிறுத்த இந்தப் பேரண்டத்தில் வழியே இல்லை. கடுஞ்சொல்லைக் கேட்டதும் மகள் கருவியை மூடிவிட்டாளா, அல்லது இரண்டு நிமிடம் பொறுத்திருந்து மன்னிப்பையும் கேட்டாளா என்பதைத் தாய் அறிந்துகொள்ள மேலும் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். இன்னும் நிகழாத, ஆனால் தடுக்கவும் முடியாத ஒரு காயத்திற்காக வருந்தும் அந்த நேரத்தை, ஒரே அறையில் இருவர் சண்டையிடும் கதையில் ஒருபோதும் எழுத முடியாது. தொலைவை நீக்கினால் துயரமும் போய்விடும். தொகுப்பில் சேர்க்கவிருக்கும் ஒவ்வொரு கதையையும் இந்த நீக்கல் சோதனைக்கு உட்படுத்துவது நல்லது. பாதிக் கதைகள் தேறாவிட்டாலும் அது வருந்தத்தக்கதன்று, அவற்றைத் திருத்த இடம் எது என்பது தெரிந்துவிடுகிறது.

இதன் மறுபக்கமான தவறும் உண்டு. தாம் படைத்த உலகின் விதிகளை விளக்கும் ஆர்வத்தில் ஆசிரியர் முதல் மூன்று பக்கங்களைச் செலவழித்துவிட, மனிதர்கள் நான்காம் பக்கத்தில்தான் வந்து சேர்கிறார்கள். சிறுகதைக்கு அவ்வளவு இடம் கிடையாது. ஊகப்புனைவுக்கு வழங்கப்படும் ஹியூகோ, நெபுலா விருதுகளின் வரையறைப்படி 7,500 சொற்களுக்குக் குறைந்தவையே சிறுகதைகள். அதற்கு மேல் 17,500 சொற்கள் வரை உள்ளவை குறுநாவலினும் சிறிய தனி வகையாகக் கணக்கிடப்படுகின்றன. கதைமாந்தர் ஒருவரின் வாழ்வில் எந்த விதி குறுக்கிடுகிறதோ அந்த விதியை மட்டும், அது குறுக்கிடும் கணத்தில் சொன்னால் போதும். ஆனால் அதைச் சொல்லிய பின் இறுதிவரை காப்பாற்ற வேண்டும். காலத்தில் பின்னோக்கிச் சென்றவர் எதையும் மாற்ற முடியாது என்று தொடக்கத்தில் சொல்லிவிட்டு, கடைசிப் பக்கத்தில் குழந்தை மட்டும் எப்படியோ பிழைத்துக்கொள்வதாக எழுதினால், அதுவரை வாசகர் பட்ட துயரம் முழுவதும் வீணாகிவிடுகிறது.

முடிவை இனிப்பாக்கச் சொல்லும் அழுத்தம் ஆசிரியருக்கு வெளியிலிருந்தும் வரக்கூடும். அமெரிக்க எழுத்தாளர் டேனியல் கீஸ் 1959 இல் வெளியிட்ட, அல்ஜெர்னான் என்னும் சுண்டெலியின் பெயரைத் தலைப்பில் தாங்கிய சிறுகதையின் வரலாறு இதற்குச் சான்று. அறுவைச் சிகிச்சையால் அறிவுக்கூர்மை பெற்று, பின்னர் அதைப் படிப்படியாக இழக்கும் மனிதனைப் பற்றிய கதை அது. அவன் அறிவை இழக்காமல் நலமாக வாழ்வதாக முடிவை மாற்றும்படி ஓர் இதழாசிரியர் கேட்டபோது கீஸ் மறுத்துவிட்டார். கதை வேறோர் இதழில் வெளியாகி 1960 இல் ஹியூகோ விருதையும் பெற்றது. அக்கதையிலிருந்து தொகுப்பாசிரியர் கற்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. கதை முழுவதும் அம்மனிதன் எழுதும் முன்னேற்றக் குறிப்புகளாக அமைந்திருக்கிறது. தொடக்கத்தில் நிறைந்திருக்கும் எழுத்துப்பிழைகள் இடையில் மறைந்து, இறுதியில் மீண்டும் தலைகாட்டுகின்றன. அப்பிழைகள் திரும்பி வரும்போது வாசகருக்கு ஏற்படும் வலிக்கு, 'அவன் மிகவும் வருந்தினான்' என்ற வாக்கியம் ஒருபோதும் ஈடாகாது.

உணர்ச்சியைப் பெயர் சொல்லி அறிவிப்பது எனும் இத்தவறைப் புரிந்துகொள்ளத் தமிழ் இலக்கணமே கைகொடுக்கிறது. தொல்காப்பியம் உணர்ச்சியை மெய்ப்பாடு என்கிறது. உள்ளத்தில் எழுந்தது மெய்யில் படுவது, அதாவது பிறர் காணுமாறு வெளிப்படுவது. நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை என அவை எட்டு. தொகுப்பில் உள்ள கதைகளை இந்த எட்டின் கீழ் வகைப்படுத்திப் பார்த்தால், பெரும்பாலான தொகுப்புகளில் முக்கால் பங்குக் கதைகள் அழுகை ஒன்றிலேயே போய்க் குவிவதைக் காணலாம். உணர்ச்சிமிக்க கதை என்றால் சோகக் கதை என்று பொருள்கொள்வது இத்துறையில் ஆழப் படிந்துவிட்ட தவறு. அழுகைக்கே கூட இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் தனித்தனியே காட்டுகிறது. பிறரால் இழிவுபடுத்தப்பட்டவரின் கண்ணீரும், பறிகொடுத்தவரின் கண்ணீரும், முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்ந்தவரின் கண்ணீரும், இல்லாமையில் வாடுபவரின் கண்ணீரும் ஒன்றல்ல. நம் கதைகளோ இறப்பால் வரும் இழவு ஒன்றை மட்டுமே திரும்பத் திரும்ப எழுதுகின்றன. மருட்கை என்னும் வியப்போ புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கின் வழியே பிறக்கும் என்கிறது அந்நூல். மிகப் பெரியதைக் காணும்போதும், மிகச் சிறியதைக் காணும்போதும், ஒன்று மற்றொன்றாக மாறுவதைக் காணும்போதும் எழும் திகைப்பே ஊகப்புனைவின் தாய்நிலம். ஒரே கதையில் மருட்கையும் அழுகையும், அல்லது மருட்கையும் உவகையும் ஒன்றை ஒன்று தூண்டி எழுமானால், ஊகமும் உணர்ச்சியும் பிரியாமல் நிற்கின்றன என்று நம்பலாம்.

கதைகளை வரிசைப்படுத்துவதில் நேரும் தவறு தொகுப்புக்கே உரியது. தனிக்கதையில் அது தோன்றுவதற்கே வழியில்லை. எழுதிய காலவரிசையிலோ, கிடைத்த வரிசையிலோ கதைகளை வைத்துவிடுவது பலரின் வழக்கம். இதிலும் நம் முன்னோர் இரு வேறு வழிகளைக் காட்டிச் சென்றிருக்கிறார்கள். ஐங்குறுநூற்றில் திணைக்கு ஒரு நூறாக, ஐந்து புலவர்களின் ஐந்நூறு பாடல்கள் தனித்தனிப் பகுதிகளாக நிற்கின்றன. மருதத்தில் நுழைந்தவர் நூறு பாடல்கள் கடந்த பின்னரே அடுத்த திணைக்குள் செல்கிறார். அகநானூற்றைத் தொகுத்தவர் வேறு வழியைக் கையாண்டார். அதில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் அனைத்தும் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். 10, 20 எனப் பத்தின் மடங்காக வருபவை நெய்தல். நானூறு பாடல்களில் இருநூறு பாடல்கள் பிரிவைப் பாடும் பாலையாக இருந்தும், பாலைப் பாடல்கள் இரண்டு எங்குமே அடுத்தடுத்து நிற்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வாசகர் ஒவ்வொரு முறையும் வேறொரு நிலத்தில் கால் வைத்த பின்னரே மீண்டும் பிரிவுக்குத் திரும்புகிறார். அதனால் பிரிவின் கூர்மை மழுங்குவதில்லை.

துயரத்தை மையமாகக் கொண்ட தொகுப்புக்கு அகநானூற்றின் வழியே பொருந்தும் என்பது என் துணிபு. அடுத்தடுத்து மூன்று கதைகளில் யாரேனும் இறந்தால், மூன்றாம் கதையைத் தொடங்கும்போதே வாசகர் இறக்கப்போவது யார் என்று தேடத் தொடங்கிவிடுவார். அதன்பின் எந்த இறப்பும் அவரைத் தொடாது. இடையே குறுகிய கதை ஒன்றையோ, வெகுளியோ நகையோ மேலோங்கிய கதை ஒன்றையோ வைப்பது கருப்பொருளிலிருந்து விலகுவதாகாது, தொகுப்பின் கேள்விக்கு அது வேறொரு குரலில் விடை சொன்னால் போதும். நீளமான இரண்டு கதைகளையும் அருகருகே வைக்காதிருப்பது நலம். முதல் கதை அந்த உலகங்களுக்குள் நுழைய எளிதாகவும் கேள்வியைத் தெளிவாக எழுப்புவதாகவும் இருக்கட்டும். ஆக வலிமையான கதையை முதலில் வைத்துவிட்டு, பின்னால் வரும் கதைகள் அனைத்தையும் அதன் நிழலில் வாட விட வேண்டாம்.

இதழ்களில் வெவ்வேறு காலங்களில் வெளியான கதைகளைத் தொகுக்கும்போது ஒரு முறையாவது அனைத்தையும் தொடர்ச்சியாக, ஓரிரு நாள்களுக்குள் வாசித்துவிட வேண்டும். தனித்தனியே நின்றபோது தெரியாத கூறியது கூறல் அப்போதுதான் கண்ணில் படும்: நான்கு கதைகளில் ஒரே பெயர், ஐந்து கதைகள் மழையில் முடிவது, ஒளி ஆண்டு என்றால் என்ன என்ற விளக்கம் மும்முறை. இவற்றை நீக்குவதோடு, இதழ்களோடு செய்துகொண்ட உரிமை ஒப்பந்தங்களையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தொடர்பில்லாத கதைகளை ஒரே நாவல் போலத் தோன்றச் செய்வதற்காக இடைஇணைப்புப் பக்கங்களைப் புதிதாக எழுதிச் சேர்ப்பது பெரும்பாலும் பயன் தருவதில்லை. கேள்வி ஒன்றாக இருந்தால் அந்த இணைப்பு தேவைப்படாது. கேள்வி வெவ்வேறாக இருந்தால் அந்த இணைப்பு நிற்காது.

கடைசி வரியில் மறைத்து வைத்திருக்கும் திடுக்கிடலை நம்பியே எழுதப்பட்ட கதைகள் தொகுப்பில் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. 'இதுவரை பேசியவன் மனிதன் அல்லன்' என்ற முடிவு ஒருமுறை அதிரச் செய்யும். இரண்டாம் முறை வாசகர் அதற்காகவே காத்திருப்பார்.

முன்னுரை எழுதுவோர் ஒவ்வொரு கதைக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, அதன் ஊகத்தையும் அது தரும் உணர்ச்சியையும் முன்கூட்டியே அவிழ்த்துவிடுவதை அன்போடு தடுக்க வேண்டும். கதைகள் பிறந்த விதத்தைச் சொல்ல ஆசையிருந்தால் அதைப் பின்னுரையாக வைத்துக்கொள்ளலாம். கதையை முடித்த வாசகர் அதை மகிழ்ச்சியோடு தேடி வாசிப்பார். பின்னட்டைக் குறிப்பில் 'கண்ணீரை வரவழைக்கும் கதைகள்' என்று எழுதுவதற்குப் பதிலாக, தொகுப்பு எந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியதோ அந்தக் கேள்வியையே அச்சிடுங்கள். அச்சுக்கு அனுப்புவதற்கு முன், இக்கதைகளை இதுவரை வாசித்திராத இருவரிடம் கொடுத்து, ஒரு வாரம் கழித்து எந்தெந்தக் கதைகள் நினைவில் நிற்கின்றன என்று கேளுங்கள். கருவியையோ உலகத்தையோ மட்டும் நினைவுகூர்ந்து அதில் வாழ்ந்தவரை அவர்கள் மறந்துவிட்ட கதையும், அழுததை மட்டும் நினைவுகூர்ந்து எதற்காக அழுதோம் என்பதை மறந்துவிட்ட கதையும் மீண்டும் உங்கள் மேசைக்கு வர வேண்டியவை.