தேக்காவிலிருந்து காலாங் வரை: நீரோட்டத்தைத் தொடர்ந்து பழைய தொழில் நகரில் ஒரு நடை

சிங்கப்பூரின் தொழிற்பேட்டை என்றதும் 1961ஆம் ஆண்டில் வேலை தொடங்கிய ஜூரோங்கும், அதற்கு அப்பாலுள்ள துவாசும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே சுண்ணாம்பும் செங்கல்லும் பாலும் இறைச்சியும் மிட்டாயும் உற்பத்தி செய்த தொழில் வட்டாரம் ஒன்று இங்கே இருந்தது. நகை வாங்கவும் தீபாவளி ஒளியூட்டைப் பார்க்கவும் நாம் போய்வரும் சிராங்கூன் சாலையும் அதன் குறுக்குத் தெருக்களுமே அந்த வட்டாரம். வழிகாட்டி யாருமின்றி, தேக்காவில் தொடங்கிக் காலாங் ஆற்றங்கரையில் முடியும் சுமார் நான்கு கிலோமீட்டர் நடையில் அதனை எப்படிப் பார்ப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

புகைபோக்கியைத் தேடிப் போனால் இந்த நடையில் ஏமாற்றம்தான் மிஞ்சும், ஏனெனில் ஆலைகள் ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிட்டன. எனவே ஒவ்வோர் இடத்திலும் நின்று, இந்தத் தொழிலுக்கு வேண்டிய தண்ணீர் எங்கிருந்து வந்தது, அதன் கழிவு எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் விடை ரோச்சோர் கால்வாயாகவே இருக்கும். புறப்படுமுன் கைப்பேசியில் நிலப்படத்தைத் திறந்து, அந்தக் கால்வாய் புக்கிட் தீமா சாலையை ஒட்டி வந்து சுங்கை ரோடு வழியாகக் காலாங் படுகையை அடைவதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

காலை ஏழரை மணிக்குள் தொடங்கிவிடுங்கள். ஒன்பதரைக்குப் பிறகு வெயில் ஏறிவிடும், கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடிப் பாதைகளிலும் கடைச்சரக்குகள் வந்து நிறைந்துவிடும். திங்கட்கிழமைகளில் ஈரச்சந்தைக் கடைகள் பல மூடியிருக்குமாதலால் அந்நாளைத் தவிர்க்கலாம். நின்று நின்று பார்ப்பதற்கு மூன்று மணி நேரம் போதும். எளிதில் கழற்றக்கூடிய காலணி, குடை, தண்ணீர் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும்.

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடத்தின் பக்கம் வெளியேறினால் பஃப்ளோ ரோட்டில் வந்து நிற்பீர்கள். அதற்கு அடுத்த தெருவின் பெயரான கெர்பாவ் என்ற மலாய்ச் சொல்லுக்கும் எருமை என்றே பொருள். சதுப்பு நிலமும் புல்லும் கால்வாய் நீரும் ஒருங்கே கிடைத்ததால் 19ஆம் நூற்றாண்டில் மாட்டுத்தொழுவங்கள் இங்கே பெருகின. வண்டி இழுக்கவும் பால் கறக்கவும் இறைச்சிக்கும் கால்நடைகள் வளர்க்கப்பட்டன. கேகே மருத்துவமனையின் பெயரிலுள்ள ‘கண்டாங் கெர்பாவ்’ அந்த எருமைக் கொட்டில்களைத்தான் குறிக்கிறது. சுகாதாரக் காரணங்களை முன்னிட்டு 1930களில் நகராட்சி தொழுவங்களை அகற்றியது. பசியாறுவதற்குத் தேக்காவைவிடத் தோதான இடம் இந்த வழியில் இல்லை என்பதால் அதையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கெர்பாவ் ரோட்டின் 37ஆம் எண் வீட்டின் முன்னால் எப்போதும் படம் எடுப்போர் கூட்டம் இருக்கும். மிட்டாய்த் தொழிலில் பொருளீட்டிய டான் டெங் நியா என்ற தொழிலதிபரின் பெயரால் வழங்கும் இவ்வீடு 1900ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. வட்டாரத்தில் எஞ்சியிருக்கும் ஒரே சீன மாளிகை இதுவே. கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள் பிற்காலத்தில் பூசப்பட்டவை, ஆகவே அவற்றில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. கரும்புச் சாற்றைக் காய்ச்சும் உலைகளும் மாட்டுக் கொட்டில்களும் நிறைந்திருந்த சுற்றுப்புறத்தில், அந்தத் தொழிலால் செல்வரான ஒருவர் அதன் நடுவிலேயே வீடு கட்டிக்கொண்டார் என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. முதலாளியின் வீடும் தொழிலாளியின் அறையும் கூப்பிடு தூரத்தில் இருந்த காலம் அது.

அங்கிருந்து சிராங்கூன் சாலைக்கு வந்து இடப்புறமாக நடந்தால், கல்கத்தாவிலிருந்து வந்த யூதக் கால்நடை வணிகர் பெலிலியோசின் பெயரைத் தாங்கிய சந்து முனையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் நிற்கும். இந்த நடையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடம் இதுதான். இக்கோயிலைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே முன்னோர் அழைத்தனர், ஏனெனில் இதனைச் சுற்றிச் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அவற்றில் தமிழர்கள் வேலை செய்தார்கள். சிப்பியையும் பவளப்பாறையையும் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, நீரூற்றித் தாளித்து, கட்டுமானத்துக்கு அனுப்பினார்கள். வெந்த சுண்ணாம்பில் நீர் பட்டதும் அது கொதித்துப் பொங்கும், தூசி கண்ணையும் தோலையும் அரிக்கும். அக்காலத்துத் தொழிலாளிக்குக் கையுறையும் முகக்கவசமும் ஏது?

அக்காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு எத்தகையது என்பதை நேரில் காண விரும்பினால், வேறொரு நாளில் நகர மண்டபப் பக்கம் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குச் செல்லலாம். இந்தியக் கைதிகளின் உழைப்பில் 1850களின் பிற்பாதியில் எழும்பத் தொடங்கிய அக்கட்டடத்தின் உட்சுவர்களுக்குச் ‘சென்னைச் சுண்ணாம்பு’ பூசப்பட்டது. சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்து இடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைக் கலந்து பூசி, உலர்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். நம் ஊர்ப்பக்கத்துக் கொத்தனார்கள் அறிந்திருந்த கைமுறை அது. சிராங்கூன் சாலையோரம் அரசாங்கத்தின் செங்கற்சூளை இருந்தது, அங்கும் கைதிகளே செங்கல் அறுத்தனர். 1825இல் சுமத்திராவின் பென்கூலனிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களோடு தொடங்கிய அந்தக் கைதிமுறை 1873இல்தான் முடிவுக்கு வந்தது. வீரமாகாளியம்மன் கோயிலுக்குள் செல்ல விரும்புவோர் நண்பகலில் நடை சாத்துவதற்குள் சென்றுவிட வேண்டும்.

சாலையைக் கடந்து கஃப் ரோட்டில் நுழையுங்கள். மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைத்துத் தரும் சிறு ஆலை இத்தெருவில் நெடுங்காலம் இயங்கியது. தெருவின் கோடியில் கம்போங் காப்பூர் ரோட்டில் திரும்பி டன்லப் ஸ்திரீட்டுக்கு இறங்கினால் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் தென்படும். 1907இல் கட்டத் தொடங்கப்பட்ட இது, தமிழ் முஸ்லிம் வணிகர்களோடு, பக்கத்திலிருந்த குதிரைப் பந்தயத் திடலில் வேலை செய்த, பாவியான் தீவிலிருந்து வந்த குதிரைக்காரர்களுக்கும் தொழுகையிடமாக விளங்கியது. பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியது. அதற்கு முன்பே, 1911இல், சிங்கப்பூரின் முதல் விமானம் அந்தத் திடலிலிருந்துதான் பறந்தது. ஆலை போனாலும் திடல் போனாலும், அங்கே வேலை செய்தவர்கள் கும்பிட்ட இடமும் தொழுத இடமும் அப்படியே இருப்பதை இதற்குள் நீங்களே கவனித்திருப்பீர்கள்.

டன்லப் ஸ்திரீட்டின் கோடிக்குச் சென்று, சுங்கை ரோட்டுப் பக்கம் திரும்பிக் கால்வாயைப் பாருங்கள். பனிக்கட்டித் தொழிற்சாலை ஒன்று இங்கே இருந்ததை முன்னிட்டு, ஹொக்கியன் மொழி பேசும் சீனர்கள் இவ்விடத்துக்கே அதன் பெயரை வைத்திருந்தனர். 2017இல் மூடப்பட்ட பழைய பொருள் சந்தையும் இங்கேதான் கூடியது. இப்போது பார்ப்பதற்கு அதிகம் இல்லை. ஐந்து நிமிடம் போதும்.

ஜாலான் புசாரில் வடக்கு நோக்கி நடக்கும்போது டெஸ்கர் ரோடு இடப்புறம் குறுக்கிடும். இறைச்சி வணிகத்தில் பெரும் பொருளீட்டிய டெஸ்கரின் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிக் கூடம் இத்தெருக்கோடியில் இருந்தது. தொழுவத்திலிருந்து வெட்டுமிடம் வரை கால்நடை பதினைந்து நிமிட நடைக்குள் வந்து சேர்ந்துவிடும் என்பதை, தேக்காவிலிருந்து உங்கள் கால்களே இந்நேரம் அளந்திருக்கும்.

லவெண்டர் ஸ்திரீட்டில் வலப்புறம் திரும்புங்கள். மனிதக் கழிவை உரமாக இட்ட காய்கறித் தோட்டங்களின் நாற்றத்தைக் கேலி செய்தே இந்தப் பூப்பெயர் இடப்பட்டது. காலாங் ரோட்டைப் பிடித்து ஆற்றங்கரைப் பூங்காவை அடைந்தால், அதனருகே 1862ஆம் ஆண்டு முதல் இயங்கிய எரிவாயு ஆலையின் நிலப்பரப்பில் நிற்பீர்கள். நிலக்கரியைச் சூடேற்றி எடுத்த வாயுவால் 1864இல் நகரத் தெருவிளக்குகள் முதன்முதலாக எரிந்தன. ஆலை 1998இல் மூடப்பட்டது.

இங்கே கரையோரம் சற்று உட்கார்ந்து, தொடக்கத்தில் கேட்ட இரண்டாவது கேள்விக்கான விடையைப் பாருங்கள். எருமை கழுவிய நீரும் இறைச்சிக்கூடக் கழிவும் வந்து சேர்ந்த இந்தப் படுகையையும் சிங்கப்பூர் ஆற்றையும் 1977 முதல் 1987 வரை பத்தாண்டுக் காலம் தூய்மைப்படுத்தினார்கள். 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் இது மரினா நீர்த்தேக்கத்தின் பகுதியாகி, நம் குடிநீருக்கும் ஆதாரமாகிவிட்டது.

திரும்புவதற்குக் காலாங் எம்ஆர்டி நிலையம் அருகில் உள்ளது. நேரம் கிடைத்தால் ஒரு ஞாயிறு மாலை தேக்காவுக்கு மீண்டும் செல்லுங்கள். கட்டடங்களைப் பார்க்க அது உகந்த வேளை இல்லைதான். ஆனால் துவாசிலும் ஜூரோங்கிலும் கப்பல் பட்டறைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் உழைக்கும் தமிழ்நாட்டு, வங்கதேசத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இந்தத் தெருக்களில் கூடி, ஊருக்குப் பணம் அனுப்பவும் நண்பர்களைப் பார்க்கவும் நிற்பதை அன்றுதான் காண முடியும்.