பாதியில் நின்ற நாவலுக்குத் துணை கிடைத்த கதை

மதுரைப் பஞ்சாலைத் தொழிலாளர்களை வைத்து நாவல் எழுத ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது. 1950களின் விவரங்கள் போதவில்லை. எழுதியதைப் படித்துக் கருத்துச் சொல்லவும் ஆள் இல்லை.

முதலில் மாவட்ட மைய நூலகத்துக்குப் போனேன். என்ன தேடுகிறேன் என்று விளக்கமாகச் சொன்னதும் நூலகரே பழைய மலர்களை எடுத்துக் கொடுத்தார். சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் வழி காட்டினார். கோட்டையூரில் தனி ஒருவர் சேர்த்த நூல்களைக் கொண்டு 1994இல் தொடங்கியது அது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, இலவசம்தான்.

ஆனால் என்னைத் தூக்கி நிறுத்தியது தமுஎகச எனப்படும் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் கிளைக் கூட்டம். மதுரையில் 1975இல் பிறந்த அமைப்பு. அங்கே ஒரு அத்தியாயம் வாசித்தேன். முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர் டீக்கடைக்கு அழைத்துப் போனார்.

“பஞ்சு சீவுற கார்டிங்ல வேலை பாத்தவன் புருவத்துல பஞ்சு ஒட்டியிருக்கும் தம்பி. அதப் பாத்தே எந்த டிபார்ட்மெண்ட்னு சொல்லிரலாம்.”

எந்த ஆவணத்தில் கிடைக்கும் இது? அன்று ராத்திரியே அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். அப்புறம் எழுதியதை எல்லாம் அவரிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டேன்.

கைப்பிரதி தயாரானவர்கள் தமிழ் வளர்ச்சித் துறையின் நூல் வெளியீட்டு நிதியுதவியையும் கவனியுங்கள். வருமான வரம்பு உண்டு. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும்.