மழையிலும் விட்டுப்போகாத தினப் பழக்கம்: நான் செய்து பார்த்த வழி

குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் எங்களுக்குச் சின்ன ரப்பர் தோட்டம் உண்டு. விடியுமுன் பால்வெட்டு. அப்புறம், பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவைக் கவனிக்கணும். இதற்கு நடுவே குரூப் 4 தேர்வுக்குத் தினமும் படிக்க வேண்டும். இரண்டு வருடம் தொடங்குவதும் விடுவதுமாகவே போனது. இப்போது எட்டு மாதமாக விடாமல் நடக்கிறது. எதைப் படிப்பது என்று இங்கே சொல்லப் போவதில்லை, பழக்கம் அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதை மட்டும் எழுதுகிறேன்.

1. இரண்டு அளவு வையுங்கள்

நல்ல நாளுக்கு நாற்பது நிமிடம். மழைநாள் அளவு ஒரே ஒரு பக்கம். அப்பா இரவெல்லாம் தூங்காத நாளும் எனக்கு மழைநாள்தான். அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டால் அன்றைய கணக்கு முழுதாக முடிந்தது.

2. கொக்கியைத் தேர்ந்தெடுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் கடிகாரத்தை நம்பினேன். நோயாளி இருக்கிற வீட்டில் ஐந்து மணி என்பது தினமும் ஒரே மாதிரி வராது. ஆகவே நேரத்தை விட்டுவிட்டு, எப்படியும் செய்கிற ஒரு வேலையில் பழக்கத்தை மாட்டினேன். அந்த வேலையைத்தான் கொக்கி என்கிறேன். மரத்தில் பால் வெட்டி முடித்தபின் சிரட்டையில் பால் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் தோட்டத்திலேயே உட்கார்ந்து படித்தேன். அருமையாகப் போனது.

ஜூனில் மழை பிடித்தது. வெட்டு நனையாமல் இருக்க மரத்தில் கட்டுகிற பிளாஸ்டிக்கை அந்த வருடம் நாங்கள் கட்டவில்லை. வெட்டு நின்றதும் படிப்பும் நின்றது. எனக்குச் சோம்பல் என்றே நினைத்து மனம் நொந்தேன். கொக்கியே கழன்றுவிட்டது என்பது புரிய மூன்று வாரம் ஆனது. நம் மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. இலை உதிரும் காலத்திலும் வெட்டுக்கு ஓய்வு. இப்படி அடிக்கடி நிற்கிற வேலையில் எதையும் மாட்டக்கூடாது.

இப்போது என் கொக்கி, அப்பாவுக்குக் காலை மாத்திரை கொடுப்பது. மழையானாலும் பண்டிகையானாலும் அது நிற்காது. மாத்திரை டப்பாவுக்கு அடியிலேயே புத்தகம் இருக்கும். டப்பாவை எடுத்தால் புத்தகம் கைக்கு வந்துவிடும்.

3. குறிப்பது எப்படி

சுவர் காலண்டரும் நூலில் கட்டிய பென்சிலும் போதும். செல்போன் செயலிகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரு நாள் விட்டால் தொடர் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி விடுகிறார்கள், கஷ்டத்தில் இருப்பவருக்கு அது பெரிய அடி. காலண்டரில் பழைய குறிகள் அப்படியே இருக்கும்.

4. விட்டுப்போன நாள்

மறுநாள் மழைநாள் அளவோடு தொடங்குங்கள். விட்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்கு ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய நிம்மதி.

பின்சேர்க்கை: குளச்சல் பக்கத்திலிருந்து ஓர் அக்கா எழுதியிருந்தார். வீட்டுக்காரர் கடலுக்குப் போனதும் நடைப்பயிற்சிக்குக் கிளம்புவாராம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அவர்களுடையது விசைப்படகு, அதனால் வீட்டுக்காரர் வீட்டிலேயே இருந்தார், நடையும் நின்றுவிட்டது. என் மழைக் கதைதான். முற்றம் தூத்து முடித்ததும் துடைப்பத்தை வைத்துவிட்டு அப்படியே நடக்கச் சொன்னேன். மழை நாளில் முற்றம் பெருக்க முடியாதே என்று திருப்பிக் கேட்டார், சரியான கேள்வி. இப்போது காலைக் கட்டன் சாயா குடித்து கிளாஸைக் கழுவி வைத்ததும் கிளம்புகிறார். மழையென்றால் திண்ணையிலேயே பத்துச் சுற்று.