பிளஸ் ஒன் குரூப்: சயின்ஸ் பாடங்களை எண்ணி ஏமாற வேண்டாம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் பள்ளி வாசல்களில் ஒரே பேச்சு: "நாலு சயின்ஸ் எடுத்தா டாக்டர், ரெண்டு எடுத்தா இன்ஜினியர்." வருஷம் மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. குரூப் எடுப்பதில் இப்படி நடக்கும் தவறுகள்தான் இங்கே. டி.சி.யை மறந்து வருவது, கடைசி நாளில் விண்ணப்பம் வாங்குவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றைப் பள்ளி அலுவலகத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ், ஆங்கிலம் போக நான்கு பாடங்கள். ஃபர்ஸ்ட் குரூப் எனப்படும் பயோ-மேத்ஸில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம். கம்ப்யூட்டர் குரூப்பில் உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல். ப்யூர் சயின்ஸில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், கணிதம் கிடையாது.

நீட்டுக்காக என்று கணக்கைக் கைவிடுவது

பத்தாவதில் கணக்கில் 80க்கு மேல் வாங்கிய பிள்ளைகூட ப்யூர் சயின்ஸில் போய் உட்கார்வதைப் பார்க்கும்போதுதான் எரிச்சல் வருகிறது. கேட்டால் பதில் தயார்: "நீட்ல மேத்ஸே இல்லையே, அந்த நேரத்துக்கு இன்னும் ஒரு சயின்ஸ் படிக்கலாமே." நீட்டில் கணிதத் தாள் இல்லை என்பது உண்மை. மற்றபடி இந்த வாதத்தில் எதுவும் நிற்காது.

"இன்னும் ஒரு சயின்ஸ்" என்பதே முதல் ஏமாற்று. ப்யூர் சயின்ஸில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனி 100 மதிப்பெண் பாடங்கள். பயோ-மேத்ஸில் அதே இரண்டும் உயிரியல் என்ற ஒரே பாடத்துக்குள், எழுத்துத் தேர்வில் 35, 35 என்று பிரிந்து வருகின்றன. புத்தகம் கொஞ்சம் மெலிந்திருக்கும், அவ்வளவுதான். நீட்டில் இரண்டு குரூப்புக்கும் ஒரே கேள்வித்தாள்: உயிரியலில் 90 கேள்வி, இயற்பியலில் 45, வேதியியலில் 45, மொத்தம் 720 மதிப்பெண். தவறான ஒவ்வொரு விடைக்கும் ஒரு மதிப்பெண் கழியும். உயிரியலைத் திரும்பத் திரும்பப் படித்துத் தேற்றிவிடலாம். பிள்ளைகள் சறுக்குவது 180 மதிப்பெண் இயற்பியலில். அங்கே கேட்கப்படுவதில் பெரும்பகுதி கணக்குப் போட்டு விடை எடுக்கிற கேள்விகள்.

இப்போதைய பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் இரண்டாவது அலகு இயக்கவியல். அதற்குள்ளேயே வெக்டர், வகையிடல், தொகையிடல் மூன்றும் வந்துவிடுகின்றன. பிளஸ் ஒன் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே இதில் முட்டிக்கொள்ள வேண்டும். பயோ-மேத்ஸ் மாணவருக்கும் அந்த வாரம் தலை சுற்றத்தான் செய்யும். ஆனால் அவருக்குக் கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் வெக்டர் 8வது அத்தியாயமாகவும் வகை நுண்கணிதம் 10வதாகவும் தொகை நுண்கணிதம் 11வதாகவும் திரும்ப வரும். கணித ஆசிரியர் கரும்பலகையில் ஒவ்வொரு வரியாகப் போட்டுக் காட்டுவார். ப்யூர் சயின்ஸ் மாணவருக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது. இயற்பியல் ஆசிரியர் இரண்டு பீரியடில் நடத்தி முடித்ததுதான் மிச்சம். பிளஸ் டூ வேதியியலில் வேதிவினை வேகவியல் வரும்போது இதே சிக்கல் மறுபடியும் வரும். நீட்டுக்காகக் கணக்கை விட்டவருக்கு நீட்டிலேயே அடி விழுவது இப்படித்தான்.

அடுத்தது, மூடிக்கொள்ளும் கதவுகள். நீட் எழுதுபவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும், அவ்வளவுதான். ராயபுரத்துப் பிள்ளைக்கு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி நடக்கிற தூரத்தில் இருக்கலாம், ஆனால் சீட் அவ்வளவு பக்கத்தில் இல்லை. கிடைக்காவிட்டால் என்ன என்று யோசிக்கும்போதுதான் கணக்கு இல்லாதது உறைக்கும். தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களைத் தவிர மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதம் இல்லாமல் இடமில்லை. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களுக்கான ஜே.இ.இ. வழியாக பி.டெக். சேரவும் கணிதம் வேண்டும். ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கான என்.டி.ஏ. தேர்வில் கடற்படை, விமானப்படைப் பிரிவுகளுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயம். துறைமுகத்தைப் பார்த்தே வளர்ந்த காசிமேடு, திருவொற்றியூர்ப் பிள்ளைகள் மெர்ச்சன்ட் நேவி, அதாவது வணிகக் கப்பல் வேலை என்று பேசுவது சகஜம். அதில் அதிகாரிப் பயிற்சிக்குச் சேரவும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதம் வேண்டும். நிறக்குருடு இருக்கக் கூடாது.

ப்யூர் சயின்ஸே கூடாது என்பதில்லை. நர்சிங், பிசியோதெரபி, துணை மருத்துவப் படிப்புகள், கால்நடை மருத்துவம், வேளாண்மை, பி.பார்ம் இவற்றில் ஒன்றைத்தான் படிப்பேன் என்று தெளிவாக இருப்பவருக்கு அது சரியான குரூப். கணக்கு நிஜமாகவே வராதவருக்கும் சரி.

அந்த "நிஜமாகவே" என்பதை மொத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் செய்முறை வடிவியல், வரைபடம் இரண்டுக்கும் 16 மதிப்பெண். ஸ்கேலும் காம்பஸும் பழகினால் கிடைத்துவிடும். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இந்த முப்பதையும் கழித்துவிட்டு, திருப்புதல் தேர்வுத் தாளை எடுத்து இயற்கணிதத்திலும் முக்கோணவியலிலும் ஐந்து மதிப்பெண் கணக்குகளை எப்படிப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். படிகள் சரியாக இருந்து கடைசிக் கூட்டலில் மட்டும் தப்பு என்றால், பிளஸ் ஒன் கணக்குக்குப் பயப்பட வேண்டாம். முதல் படியே எழுதவில்லை என்றால் யோசிக்கலாம். இன்னும் சந்தேகமா? பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் இணையத்தில் இலவசம். லீவிலேயே அடிப்படை இயற்கணிதம் அத்தியாயத்தைப் பத்து நாள் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கெத்துக்காக ஃபர்ஸ்ட் குரூப்

இது எதிர்ப்பக்கத் தவறு. பொறியியல்தான் என்று முடிவாகிவிட்டது, நீட் எழுதும் எண்ணமே இல்லை. ஆனாலும் "எல்லாம் இருக்கட்டுமே" என்று பயோ-மேத்ஸ். பொறியியல் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணித மதிப்பெண் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி பாதி. கணிதம் 68, இயற்பியல் 80, வேதியியல் 84 என்றால் 68+40+42, அதாவது 150. உயிரியலில் 97 வாங்கினாலும் அதே 150தான். ரெக்கார்டு நோட்டுக்குப் படம் வரைந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்குப் போட்டிருந்தால் அந்த 68 ஏறியிருக்கும்.

பின்னால் மனசு மாறினால்? பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர் பிறகு அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறி நீட்டுக்குப் போகலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் அனுமதித்துவிட்டது. கால விரயம் உண்டு, வழியும் உண்டு.

கம்ப்யூட்டர் குரூப் எடுத்தால்தான் சி.எஸ்.இ. (கணினிப் பொறியியல்) கிடைக்கும்

தவறு. பிளஸ் டூ கணினி அறிவியல் மதிப்பெண் பொறியியல் கட்-ஆஃபில் சேராது.

பிளஸ் ஒன்னுக்கு மட்டும் தனியார் பள்ளி

7.5 சதவீத இட ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேரும், அரசு உதவி பெறும் பள்ளி சேராது. வடசென்னையில் பழைய உதவி பெறும் பள்ளிகள் நிறைய இருப்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. பத்தாவது வரை மாநகராட்சிப் பள்ளியில் படித்துவிட்டு "நல்ல குரூப்" கிடைத்தது என்று பிளஸ் ஒன்னுக்கு வெளியே போனால், மருத்துவத்திலும் பொறியியலிலும் அந்த ஒதுக்கீடு போய்விடும். நீங்கள் கேட்கும் குரூப் உங்கள் பள்ளியில் இல்லையென்றால் முதலில் இன்னொரு அரசு மேல்நிலைப் பள்ளியில் விசாரியுங்கள்.

குரூப்போடு மீடியத்தையும் மாற்றுவது

இரண்டு சுமையை ஒரே ஜூன் மாதத்தில் ஏற்ற வேண்டாம். நீட் தமிழிலும் எழுதலாம், ஜே.இ.இ. மெயினும் அப்படியே.

நண்பன் சேர்ந்த குரூப்

நண்பன் உங்கள் தேர்வை எழுத மாட்டான்.

பாடத்தை மட்டும் பார்ப்பது

சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இயற்பியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? போன வருஷம் ஆய்வகத்தில் எல்லாச் சோதனைகளையும் பிள்ளைகளே செய்தார்களா, இல்லை ரெக்கார்டில் எழுதினதோடு சரியா? அந்த குரூப்பில் பிரிவு உறுதியாகத் தொடங்குகிறார்களா? ஆள் சேரவில்லை என்று ஜூன் கடைசியில் பிரிவையே எடுத்துவிட்டு, வந்தவர்களை வேறு குரூப்புக்குத் தள்ளுவதும் நடக்கிறது.

குரூப் தவறு என்று தோன்றினால் முதல் சில வாரங்களுக்குள் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். காலாண்டுத் தேர்வு வரை காத்திருந்தால், புதிய குரூப்பில் அதுவரை நடந்த பாடங்களைத் தனியாகத்தான் படிக்க வேண்டியிருக்கும்.